நடு அசையில் விழுந்த அழுத்தம்

பிழை பொறுக்கும் பெருமனத்தோடு தலைமை ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே! என்னைவிட நன்றாக மொழிபெயர்த்தும் என்னைவிடக் குறைவாகக் கைதட்டல் வாங்கிய மூத்தவர்களே! தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் கதவோரம் அமர்ந்திருக்கும் என் பக்கத்து வீட்டு அக்கா அவர்களே! தலை குனிந்து வணங்குகிறேன்.

சிறந்த மொழிபெயர்ப்பாளர் என்று கேடயம் தந்தீர்கள். வாங்கிய கை கூசுகிறது! தட்டாதீர்கள் ஐயா, இது தன்னடக்கம் இல்லை, வெட்கம்!

போர்த்துகீசிய மொழியில் ஒரு வினைச்சொல். அ, ஷ, ரௌ. மூன்றே அசை! கடைசியில் கொஞ்சம் மூக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடு அசையை அழுத்தி 'அஷாரௌ' என்றால், கண்டுபிடித்தார்கள். கடைசி அசையை அழுத்தி 'அஷரௌஉ' என்றால், கண்டுபிடிப்பார்கள். சிரிக்கிறீர்களா? நம் தமிழில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 'த்தா'வுக்கும் 'ப்பா'வுக்கும் எவ்வளவு தூரம்? அந்தத் தூரத்தில்தான் ஒரு குடும்பத்தைக் குப்புறத் தள்ளினேன்!

அக்காவின் கணவர் கப்பலில் வெல்டர். போர்த்துகீசிய மொழி பேசும் நாடு ஒன்றின் கரையருகே புயலில் காணாமல் போனார். அங்கிருந்த துறைமுக அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அந்த முனையில் ஒரு பெண், இந்த முனையில் அக்கா, நடுவில் நான். எப்படிப்பட்ட நான்? அசை பிரிப்பதில் எனக்கு நிகர் நானே என்று மார்தட்டிய நான்! அவள் அழுத்தியது கடைசி அசையை. என் காதில் விழுந்தது நடு அசை. "கண்டுபிடிச்சிட்டாங்கக்கா!" என்றேன். அக்கா அவருடைய சட்டைகளை இஸ்திரி போட ஓடினார்கள்.

மறுநாள் அவள் மறுபடி அழைத்தபோது உண்மை தெரிந்தது: அவரை இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போதாவது வாய் திறந்தேனா? திறந்தேன், பொய் சொல்லத் திறந்தேன்! "அந்தப் பொண்ணுதான்க்கா மாத்திச் சொல்லிட்டா." அன்றே அக்கா சொன்னார்கள், "அந்தப் பொய்க்காரி பேச்சை இனிமே எடுக்காத தம்பி."

அவர் வரவேயில்லை. அந்தப் பெண் மட்டும் மாதம் தவறாமல் அழைத்தாள். இரண்டு வருடம்! 'பேச விருப்பமில்லையாம்' என்று ஒவ்வொரு முறையும் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவன் யார்? நான்! அந்த வாக்கியத்தில் மட்டும் ஓர் அசைகூடப் பிசகவில்லை.

அக்கா, அவள் சரியாகத்தான் சொன்னாள். பிசகியது என் காது. பிறகு பிசகியது என் நாக்கு. நான்தான் பொய்யன்!

என்ன அக்கா? எழுந்துவிட்டீர்கள்? மைக்கை அவர்களிடம் கொடுங்கள் ஐயா.

"அப்போ அந்தப் பொண்ணு எதுக்குத்தான் இத்தனை நாளா கூப்பிட்டா?"

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தான்க்கா. வேற ஒண்ணுமில்ல."

"நம்பரைப் போட்டுக் குடு. நீ நடுவுல பேசாத. புரியுதோ புரியலையோ, நானே கேட்டுக்கறேன்."

பெரியோர்களே, கேடயத்தை மேசைமேல் வைத்துவிட்டேன். அக்கா வாசலில் நிற்கிறார்கள். நான் போக வேண்டும். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.