மூன்று வருடத்துக்கு முந்தைய மாமா

காபி ஆறுகிறது, முதலில் குடியுங்கள் மாப்பிள்ளை. மாமாவின் போன் எங்கும் ஓடிவிடாது. அதில் கடைசி மூன்று வருடத்தைக் காணவில்லை என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். வைரஸ் இல்லை, திருட்டும் இல்லை. நான்தான்.

பேக்கப் எடுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவள் உங்கள் மனைவி, கல்லூரியில் படித்த காலத்தில். "போன் தொலைஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கலாம்மா, உள்ள இருக்கறத எந்தக் கடையில வாங்குவ?" என்றாள். அன்று முதல் இந்த வீட்டுப் போன்களையெல்லாம் மாதம் தவறாமல் லேப்டாப்பில் சேமித்துப் பூட்டி வைக்கிறேன். இடம் போதவில்லை, பழையதை அழித்துவிடு என்றாள் பிறகு. மனம் வரவில்லை.

மாமாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. நான் சொன்னால் காதில் ஏறாது, போன் சொன்னால் மறுபேச்சில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும், அது மழை என்று சொன்னதற்காகக் குடையோடு கிளம்புவார். ஓய்வு பெற்றபின் பழைய அலுவலக நண்பர்களின் குழுவில் போய் விழுந்தார். விடிந்தால் வாக்குவாதம், அடைந்தால் வாக்குவாதம். போன மாதம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து கூப்பிட்டபோது, "ஒரு நிமிஷம் இரு, இவனுக்கு ஒரு பதில் போட்டுட்டு வந்துடறேன்" என்றார். நல்ல பதிலாகத்தான் இருந்திருக்க வேண்டும். குழுவில் எல்லோரும் கைதட்டியிருந்தார்கள்.

அன்றைக்கு லேப்டாப்பைத் திறந்தேன். எனக்கு ஆபரேஷன் நடந்த மாதத்துப் பேக்கப் கண்ணில் பட்டது. அந்த மாதத்து மனிதரை எனக்குப் பிடிக்கும். அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது அதைப் போனில் ஏற்றினேன்.

மறுநாள் மதியம், ஆபரேஷன் சமயத்தில் அவர் வைத்திருந்த நினைவூட்டல் போனில் கூவியது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"சாப்பிட்டியா?"

"என்ன திடீர்னு?"

"கேக்கணும்னு போட்டிருக்கு."

மாத்திரை எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் கையைப் பிடித்து நடக்க அழைத்துப்போனார். தன் தம்பியோடு எதற்கோ சண்டை போட்டதாக ஞாபகம் வந்து போனில் தேடினார். அதில் ஒன்றும் இல்லாததால் அவனையும் கூப்பிட்டு நலம் விசாரித்தார்.

பேரன் முதன்முதலாக நடந்த வீடியோ போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் பையன் இன்னமும் நடந்துகொண்டுதானே இருக்கிறான், வேறொன்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்று வருடத்தையும் தனியாகச் சேமித்துவிட்டுச் செய்திருக்கலாமே என்கிறீர்கள். சேமித்தேன். பிறகு அதையும் இந்த மூன்று வருடத்து மாதாமாதப் பேக்கப்புகளையும் சேர்த்து அழித்தேன். பழையதை அழிக்கத்தான் எனக்கு மனம் வராது.

இதில் தப்பு என்ன என்று புரியவில்லை. நான் யாரையும் மாற்றவில்லை, இருந்த இடத்தில் எடுத்து வைத்தேன், அவ்வளவுதான். நீங்கள் தங்கமான பிள்ளை, ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலைக்குப் போன புதிதில் என் மகள் தினமும் என்னைக் கூப்பிட்டுப் பேசுவாள். உங்களை யாரென்றே அவளுக்குத் தெரியாத காலம். அந்த மாதத்துப் பேக்கப்பும் பத்திரமாக இருக்கிறது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? காபி அப்படியே இருக்கிறதே. அவள் இப்போதுதான் குழந்தையோடு கடைக்குப் போனாள். போனில் சார்ஜ் இல்லை என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.