டுபுடுபு முதலியார் வீட்டு வெளிச்சம்

சாப்பிடும்போது இலையில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. அதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. எழுபத்து மூன்றாம் வருஷம் எங்கள் பக்கத்தில் தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை கரண்டை நிறுத்தினார்கள். அப்படி ஓர் இருட்டில், ரசத்தில் விழுந்த பூச்சியைக் கறிவேப்பிலை என்று நினைத்து மென்றுவிட்டேன். ஜெனரேட்டர் வாங்கியதற்கு அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். நீங்கள் கேட்பதால் சரியாகச் சொல்கிறேன், ஐயா. பிள்ளையார்பாளையத்தில் வேறு யார் வீட்டிலும் ஜெனரேட்டர் இல்லை. அதனால் வாங்கினேன்.

என் பெயர் பஞ்சாட்சரம். பட்டுச் சேலை வியாபாரம். இருபது தறிக்காரர்கள் எனக்கு நெய்து கொடுக்கிறார்கள். மனைவி இந்திராணி, ஒரே மகள் காந்தா. ஒட்டினாற்போல் அடுத்த வீடு என் சித்தப்பா மகன் ராமலிங்கத்துடையது. நடுவில் ஒரே சுவர். அவனும் அவன் மனைவி வடிவாம்பாளும்தான் அங்கே. குழந்தை இல்லை. அவன் தறி நெய்கிறவன், எனக்கு அல்ல, வேறிடத்துக்கு. என்னிடம் நெய்யச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டேன். "அண்ணன் தம்பியா இருக்கறதே நல்லாகீதுபா" என்று சிரித்துவிட்டான்.

ஜெனரேட்டர் மெட்ராஸிலிருந்து லாரியில் வந்தது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற மிஷின். இரண்டு வீட்டுக்கும் பின்னால் இருக்கிற சந்தில் தகரக் கொட்டகை போட்டு வைத்தேன். முதல் நாள் தெருவே கூடிவிட்டது. மெக்கானிக் கண்ணாயிரம் கயிற்றை இழுக்க வந்தார். நான் விடவில்லை. சரிகை வேட்டி கட்டிக்கொண்டு நானே இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் மிஷின் கிளம்பியது, கயிறு கையோடு வந்தது, நான் மல்லாந்து சாக்கடையில் விழுந்தேன். வேட்டி மிஷினில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து நூறு வாட் பல்பு பளிச்சென்று எரிந்தது. என் சொந்த வெளிச்சத்தில் தெரு முழுக்க என்னைக் கோவணத்தோடு பார்த்தது.

எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ராமலிங்கம் அடக்கவில்லை. மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "டுபுடுபு முதலியாரே, அடி பட்டுதா?" என்றான். அவன்தான் ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டான், தன் துண்டை அவிழ்த்து என் இடுப்பில் கட்டினான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரத்தில் தெருப் பிள்ளைகள், ஒரு மாதத்தில் என் தறிக்காரர்கள், அப்புறம் கோயில் கடைப் பூக்காரி. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்படிச் சிரிக்க நல்ல பழக்கம் வேண்டும். எனக்குக் கன்னம் வலிக்கும்.

இந்த இடத்தில் கோழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டகைக்கு அடுத்தாற்போல் இந்திராணி ஒரு கூண்டில் நான்கு கோழி வளர்த்தாள். மழைக்காகக் கூண்டைச் சாக்கால் மூடியிருந்த ஒரு நாள், மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் நான்கும் செத்துக் கிடந்தன. காயமில்லை, நோயில்லை. கொண்டை மட்டும் முன்னைவிட நல்ல சிவப்பு. கண்ணாயிரம் வந்து பார்த்தார்.

"மொதலாளி, புகையை மூடின எடத்துல விடவே கூடாது. புகையோட ஒரு காத்து வருது. அதுக்கு வாசனையும் கெடையாது, நெறமும் கெடையாது. தூக்கம் வர்றாப்ல இருக்கும், அவ்ளோதான். கோழியோட போச்சுன்னு கும்புட்டுக்குங்க."

அவரே புகைக்குழாயில் முழங்கை என்கிற வளைந்த துண்டு ஒன்றை வைத்து, கூரைக்கு மேல் போகிற மாதிரி நீளக் குழாய் மாட்டிக் கொடுத்தார். கழற்றி மாட்டுவது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு சாமானை வாங்கினால் அதைப் பற்றித் தெரிந்துகொள்கிறவன் நான்.

அந்த ஐப்பசியில் காந்தாவுக்கு ஐயம்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். பையன் சர்க்கார் உத்தியோகம். வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மின்வெட்டு நேரத்தில் எதற்கு என்று இந்திராணி கேட்டாள். அந்த நேரத்தைக் கேட்டு வாங்கியதே நான்தான். ஊரெல்லாம் இருட்டாக இருக்க என் வீடு மட்டும் எரிய வேண்டும் இல்லையா?

அன்று காலை தரகர் முனுசாமி வந்தார். வாயெல்லாம் சிரிப்பு. "வீடு கண்டுபுடிக்கிறதுல ஒண்ணும் கஷ்டமில்லீங்க. மாப்ளையோட அப்பாவே சொல்லிட்டாரு, டுபுடுபு முதலியார் ஊடுன்னா பஸ்ஸாண்டுலயே காட்டுவாங்களாமே."

நான் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். பிறகு பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராமலிங்கத்தின் தறி அறைக்கு அந்தச் சந்தைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அவன் தறியில் உட்கார்ந்தால் அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். மழை நாளில் தறியில் கட்டிய பாவு நூல் நனைந்துவிடும் என்று அவன் மற்றக் கதவுகளைச் சாத்திக்கொண்டு, இதை மட்டும் காற்றுக்குத் திறந்து வைத்திருப்பான். அன்றும் மழை.

சாயங்காலம் ஐந்தரைக்கு நீளக் குழாயைக் கழற்றினேன். முழங்கையைத் திருப்பினேன். அது அந்த ஜன்னலுக்குள் அளவெடுத்த மாதிரி நுழைந்தது. சுற்றி இருந்த இடைவெளியில் சாக்கை அடைத்தேன். சாரல் அடித்து அவன் பாவு கெடக்கூடாதே என்று அப்போது நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படி நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன்: அவனுக்குத் தலைவலி வரும், போய்ப் படுத்துக்கொள்வான், சம்பந்தி வீட்டார் முன்னால் வந்து நின்று எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கமாட்டான். அவனுக்கு இரண்டு நாளாக ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. அறையில் ஏற்கெனவே சிம்னி விளக்கின் மண்ணெண்ணெய் நாற்றம். இதையெல்லாம் நான் யோசித்தேன் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது. இந்த முறை முதல் இழுப்பிலேயே மிஷின் கிளம்பியது. நான் விழவில்லை. பார்க்கத்தான் யாருமில்லை.

ஆறரைக்கு அவர்கள் வந்தார்கள், ஒன்பது பேர். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, நான்கு பல்பு போட்டு, ஃபேனும் சுற்றவிட்டிருந்தேன். மழைக் குளிரில் ஃபேன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பொதுச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். மிஷின் சத்தத்தில் தறிச் சத்தம் காதில் விழாது. ஆனால் தறியின் பலகை அடிக்கிறபோது சுவர் லேசாக அதிரும். முதுகுக்குத் தெரியும். சொஜ்ஜி வந்தபோது அதிர்வு இருந்தது. காந்தா வந்து நமஸ்காரம் செய்தபோது இடைவெளி விட்டு விட்டு வந்தது. அவர்கள் அவளைப் பாடச் சொன்னார்கள். அவள் பாடி முடித்தபோது இல்லை.

படுத்துக்கொண்டான் என்று நினைத்தேன்.

ஏழே காலுக்கு வடிவாம்பாள் காமாட்சியம்மன் கோயிலிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் வாசல் வெளிச்சத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். இந்திராணி உள்ளே கூப்பிட்டாள்.

"ஈரப் பொடவையோட கீறேன்கா. அவருக்குக் கஷாயம் வச்சிக் குடுத்துட்டு வந்துர்றேன். காந்தாகிட்ட சொல்லு, மகாலட்சுமியாட்டம் கீறான்னு." என்னைப் பார்த்து, "மாமா, குங்குமம் எடுத்துக்குங்க" என்று பிரசாதத்தை நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். நெற்றியில் இட்டுக்கொண்டேன். அவள் தன் வீட்டுக்குள் போனாள்.

மிஷினை நிறுத்துகிற பொத்தான் என் இடத்திலிருந்து பதினைந்து அடி. எழுந்துபோக ஒரு சாக்குக்கூட வேண்டாம், வீட்டுக்காரன் பின்பக்கம் போவது சகஜம். அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா சுற்றும் முற்றும் பார்த்து, "கரண்ட் போனதே தெரியலீங்க, பகலாட்டம் இருக்குது" என்றார். அந்த வார்த்தைக்காக நான் எட்டு மாதம் காத்திருந்தேன். அது காதில் விழுந்த நிமிஷமே விளக்கை அணைத்தால் என்ன ஆகும்? ஒன்பது பேரும் இருட்டில் உட்கார்ந்து சிரிப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. இந்திராணியும் வடிவாம்பாளும் அவசரமென்றால் அப்படித் தட்டிக் கூப்பிட்டுக்கொள்வது வழக்கம். இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு இன்னொன்று, தாழ்வாக, தரைக்குப் பக்கத்திலிருந்து.

"யாரோ தட்றாங்களே?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

இந்திராணி எழுந்தாள். நான் அவளை உட்காரச் சொன்னேன். "தறி ஓடுதுங்க," என்றேன். "என் தம்பி. நல்ல உழைப்பாளி."

எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. அவர்களை வண்டியேற்றிவிட்டுப் பின்பக்கம் போனேன். மிஷினை நிறுத்தி, சாக்கை எடுத்து, குழாயைப் பழையபடி கூரைக்கு மேல் மாட்டினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகுதான் முன்பக்கமாகப் போய்க் கதவைத் திறந்தேன், எல்லா ஜன்னலையும் திறந்தேன், சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். அவன் தறிமேல் கவிழ்ந்திருந்தான். அவள் சுவரோரம்.

வயதான டாக்டர் ஒருவர் வந்தார். அவனுக்கு மாரடைப்பு என்றார். அதைப் பார்த்த அதிர்ச்சியில் அவள் போய்விட்டாள் என்றார். இருவர் முகமும் சிவந்து, களையாக இருந்தது. புருஷனோடு போன பத்தினி என்று பெண்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். மறுநாள் சாயங்காலம் கரண்ட் போன பிறகும் பிணங்கள் வாசலில்தான் இருந்தன, உறவுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். என் மிஷின்தான் வெளிச்சம் கொடுத்தது. கொள்ளியும் நான்தான் வைத்தேன், பங்காளி வேறு யார் இருக்கிறார்கள்?

ஐயம்பேட்டைக்காரர்கள் சகுனம் சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். இந்திராணி அன்றிலிருந்து என்னோடு அவசியத்துக்கு மட்டும் பேசுகிறாள். ஒருநாள் கேட்டாள், "அன்னிக்கு ஏன் என்னை உக்காரச் சொன்ன?" நான் சேலைக் கணக்கு நோட்டை எடுத்துப் பிரித்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து இப்போது எதற்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மனசாட்சி என்றுதான் சொல்ல வேண்டும். தெருப் பெண்கள் ராமலிங்கத்தின் வீட்டு வாசலில் வடிவாம்பாளுக்கு ஒரு பத்தினிக் கல் நடப்போகிறார்கள். தெரு எல்லையிலிருந்து மேளத்தோடு ஊர்வலமாம். இல்லாத காரணத்துக்காக ஜனங்கள் ஒருத்தியைக் கும்பிடுவது தப்பில்லையா? அவளாவது போகட்டும், பாவம். கல்லில் ராமலிங்கத்தின் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள், அவள் பெயருக்கு மேலேயே. அப்படி என்ன செய்துவிட்டான் அவன், செத்துப்போனதைத் தவிர? அதையும் செய்தது நான்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உண்மை வெளியே வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. கல் நடுவது வருகிற வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் ஊருக்குத் தெரிகிற மாதிரி செய்தால் நன்றாயிருக்கும்.