ஒரு நாளைக்கு ஒரு கல்

அந்த நாற்காலியில் சாய்ந்து உட்காராதீர்கள், ஒரு கால் கொஞ்சம் ஆட்டம். தங்கை ஏன் இன்னும் வேலையில் சேரவில்லை என்று கேட்டு, அவளுடைய புது ஆஸ்பத்திரியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் பல் செட் செய்கிறவள். அதோ, அந்த மேசைதான் என் பட்டறை. செட் ஈறில் சரியாக உட்கார வேண்டுமானால் அவசரப்படக் கூடாது. அரத்தால் மயிரிழை மயிரிழையாக ராவ வேண்டும். அம்மா அப்பா போன பிறகு, பன்னிரண்டு வயதுத் தங்கையை வளர்த்ததும் அதே பொறுமையில்தான். நர்ஸுக்குப் படிக்க வைத்தேன். படித்தவள் வெளியூரில் வேலை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "ஹாஸ்டல்ல தங்கிக்கிறேன்கா, மாசம் ஒரு தடவை வந்துட்டுப் போறேன்" என்றாள். மாதம் ஒரு தடவை வந்துபோகிறவளை விருந்தாளி என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் சிரித்துக்கொண்டே வாழ்த்தினேன்.

எங்கள் நாயின் பெயர் துரை. கூடத்தின் நடுவில் காலை நீட்டிப் படுத்து, யாருக்கும் வழிவிடாத தோரணைக்காக அவள் வைத்த பெயர். நல்லவன்தான். தட்டு விஷயத்தில் மட்டும் கறார். காலித் தட்டானாலும் பக்கத்தில் யாரும் போகக் கூடாது, பல்லைக் காட்டிவிடுவான். சாப்பாடு வைப்பவள் என்பதால் என்னை மட்டும் விட்டுவைத்தான். தங்கை சமையலறைக்குள் போகவே பயந்து, நாய் பழக்குகிறவர் ஒருவரை அழைத்து வந்தாள்.

"தட்டு எங்க இருக்கோ, அதுதான்மா அவனோட எல்லை" என்றார் அவர். "தட்டைத் தினம் ஒரு தரைக்கல் தூரம் நகர்த்துங்க. யாரும் நடமாடாத மூலையாப் பார்த்துக் கொண்டு போயிடுங்க."

அவர் சொன்னபடியே தட்டை நாளுக்கு ஒரு கல் தூரம் நகர்த்தினேன். எந்தப் பக்கம் என்பதை மட்டும் நான் முடிவு செய்தேன். சமையலறையிலிருந்து தங்கையின் அறை வாசலுக்குப் பத்தொன்பது கல்.

"என்னக்கா, தட்டு என் ரூம் வாசலுக்கே வந்துடுச்சு?"

"பயிற்சிடி. நடுவுல நிறுத்தினா எல்லாம் கெட்டுப்போயிடுமாம்."

நம்பினாள். நான் சொன்னால் எதையும் நம்புவாள்.

அதற்குப் பிறகு குளிக்கப் போக, தண்ணீர் குடிக்க, எதற்கும் "அக்கா, கொஞ்சம் வாயேன்" என்று உள்ளிருந்து கூப்பிட ஆரம்பித்தாள். நான் போய்த் துரையின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்வேன். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வெளியே வருவாள். பன்னிரண்டு வயதில் இப்படித்தான் கூப்பிடுவாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வேலையில் சேர வேண்டிய நாள் காலை, எட்டரை மணிப் பேருந்துக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். நான் தட்டில் வழக்கத்தைவிடப் பெரிய எலும்பாக வைத்துவிட்டு மேசைக்கு வந்தேன். மூன்று முறை கூப்பிட்டாள். "இதோ வரேன்டி" என்றேன், எழுந்திருக்கவில்லை. மணி எட்டைத் தாண்டியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானே வெளியே வரப் பார்த்திருக்கிறாள்.

அலறல் கேட்டது. கையிலிருந்த கடைவாய்ப் பல்லை ராவி முடித்துவிட்டுத்தான் போனேன். பாதியில் விட்டால் அளவு தப்பிவிடும். கெண்டைக்காலில் மேல்வரிசை முழுதும் பதிந்திருந்தது. என் தொழிலில் அவ்வளவு சுத்தமான அச்சு கிடைப்பது அபூர்வம்.

துரையை நிரந்தரமாகத் தூங்க வைக்கும் ஊசி போட நானே கொண்டுபோனேன். வழியெல்லாம் என் மடியில் தலை வைத்திருந்தான். பாவம், அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.

புண் ஆறி இரண்டு மாதம் ஆகிறது. தங்கை நன்றாக நடக்கிறாள், அறைக்குள். தட்டை மட்டும் நான் எடுக்கவில்லை. தினமும் காலையில் கழுவித் துடைத்து அதே கல்லில் வைக்கிறேன். பாருங்கள், கதவு திறந்துதான் இருக்கிறது. வேண்டுமானால் நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். வரமாட்டாள். அவளுக்கு என்னை விட்டுப் போக மனமில்லை.