ஞாயிற்றுக்கிழமை ஷூ

மருமகள்: மூக்கைப் பிடிச்சுக்கோங்க அத்தை. ஷூவுக்குள்ள இருக்கிற மெத்தையை உருவப் போறேன்.

மாமியார்: உருவு, உருவு. மூணு புள்ளைங்களை வளர்த்தவ நான். இந்த நாத்தமெல்லாம் எனக்கு... ஐயோ!

மருமகள்: சொன்னேன்ல.

மாமியார்: உள்ள எலி ஏதாவது செத்துக் கெடக்கான்னு பாரு.

மருமகள்: எலி தெரியாம உள்ள போயிருந்தாலும், போனதுக்கு அப்புறம்தான் செத்திருக்கும்.

மகன்: அம்மா! அந்த ஷூவை இன்னுமா குப்பையில போடலை? ஹால் வரைக்கும் நாறுது!

மருமகள்: கழுவிட்டுதான் இருக்கோம்! நீங்க டிவியைப் பாருங்க!

மகன்: சீக்கிரம் கழுவு! இந்த ஞாயித்துக்கிழமை நானும் உன்கூட மலை ஏற வரேன்!

மருமகள்: ...நீங்களா?

மகன்: நானேதான். வாரா வாரம் நீ மட்டும் ஏறுறே, எனக்குத் தொப்பை ஏறுது. அம்மா, அங்க குனியாதீங்க! முட்டி!

மாமியார்: ஸ்டூல்லதான்டா உக்காந்திருக்கேன்!

மகன்: எந்திரிக்கும்போது கூப்பிடுங்க, நான் வந்து பிடிச்சுக்கறேன்!

மாமியார்: சரிடா, சரி... என்னம்மா, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு? புருஷன் கூட வரேங்கிறான். சந்தோஷப்படேன்.

மருமகள்: சந்தோஷம்தான். ...பேசாம வாஷிங் மெஷின்ல போட்டுடலாமா?

மாமியார்: ஐயய்யோ, வேணாம்! பசை விட்டுடும். அடிப்பாகம் வாயைப் பொளந்துக்கும்.

மருமகள்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமியார்: ...பக்கத்து வீட்டுக்காரி சொன்னா.

மருமகள்: அவங்க செருப்பைத் தவிர எதையும் போட்டு நான் பாத்ததில்லையே.

மாமியார்: அதான் அவகிட்ட கேட்டேன். ஷூ மேல பாசம் இல்லாதவதான் நியாயமா பேசுவா. நீ கயித்தைக் கழட்டு. காஞ்ச மண்ணை முதல்ல தட்டு, தண்ணியெல்லாம் அப்புறம். இந்தா பழைய பல் தேய்க்கிற பிரஷ்.

மருமகள்: வெதுவெதுன்னு தண்ணி, கொஞ்சமா சோப்பு. அவ்வளவுதான் போடணுமாம், போன்ல பாத்தேன்.

மாமியார்: ஒரு மூடி ப்ளீச் ஊத்தவா? கூடவே கொஞ்சம் வினிகரும் சேத்து...

மருமகள்: ரெண்டையும் சேத்தா விஷப் புகை வரும் அத்தை! ரெண்டு பேரும் இங்கேயே சாஞ்சுடுவோம்.

மாமியார்: ஞாயித்துக்கிழமைப் பிரச்சினையும் தீர்ந்துடும்.

மருமகள்: ...என்ன பிரச்சினை?

மாமியார்: நாத்தப் பிரச்சினைதாம்மா. வேற என்ன? ஆமா, இது என்ன, வெள்ளை வெள்ளையா உருண்டை?

மருமகள்: மண்ணு.

மாமியார்: உரம் மாதிரில்ல இருக்கு. பூந்தொட்டிக்குப் போடுவாங்களே.

மருமகள்: ...மலையில யாராவது போட்டிருப்பாங்க.

மாமியார்: மலைக்கேவா? பெரிய மனசுதான்.

மருமகள்: அதை விடுங்க. அடியில பொடிப் பொடியா செவப்புக் கல்லு இருக்கே, இது எங்கேருந்து வந்துச்சு?

மாமியார்: போறவ நீ. என்கிட்ட கேக்குறே.

மருமகள்: ...ஆமால்ல. மலைக் கல்லுதான்.

மாமியார்: இருக்கும்.

மருமகள்: இருங்க... விரல் பக்கம் ஏதோ அடைச்சிருக்கு. துணி! சொதசொதன்னு... அத்தை, நாத்தமே இதுலேருந்துதான் வருது!

மாமியார்: எலிக்கூடா இருக்கும்.

மருமகள்: எலி நாலா மடிச்சு வெக்குமா? அதுவும் உங்க பழைய தலையணை உறையைக் கிழிச்சு?

மாமியார்: குடும்பப் பாங்கான எலி.

மருமகள்: போன ஞாயித்துக்கிழமை நான் போட்டப்ப இது இல்லையே.

மாமியார்: எடுக்க மறந்திருக்கும்.

மருமகள்: எது?

மாமியார்: ...எலி.

மருமகள்: அத்தை, இந்த ஷூ எனக்குச் சரியாத்தான் இருக்கு. இந்த வீட்டுல என்னைவிடச் சின்னக் கால் ஒருத்தருக்குத்தான்.

மாமியார்: சரிம்மா, நான்தான். நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனதும் எடுத்துப் போட்டுக்குவேன். வீட்டுக்குள்ளதான்! டாக்டர் நடக்கச் சொன்னாரு. இது முட்டிக்கு மெத்துன்னு இருக்கு.

மருமகள்: வீட்டுக்குள்ளயா?

மாமியார்: நான் சொல்லிட்டேன். இப்ப நீ அந்த உரத்துக்குப் பதில் சொல்லு.

மருமகள்: ...நான் மலைக்கே போறதில்லை அத்தை.

மாமியார்: பின்ன?

மருமகள்: என் தோழி ரூமுக்கு. தூங்கப் போறேன்.

மாமியார்: தூங்கவா!

மருமகள்: மெதுவா! மதியம் வரைக்கும் தூங்குவேன். கிளம்பும்போது அவ பூந்தொட்டியில ரெண்டு மிதி மிதிச்சுட்டு வருவேன்.

மாமியார்: செடி?

மருமகள்: ரோஜா போயிடுச்சு. இப்ப செம்பருத்தியில மிதிக்கறேன்.

மாமியார்: இதுக்கு வீட்டுலயே தூங்கலாமே?

மருமகள்: எங்க விடறாரு? நான் படுத்தா போதும், தலைவலியான்னு டீயோட வந்து எழுப்புறாரு. டீ ஆறுதேன்னு திரும்ப எழுப்புறாரு. அந்த ஒரு தூக்கத்தை நம்பித்தான் வாரம் பூரா ஓடுறேன். அதுவும் போச்சுன்னா... எனக்கு அழுகையே வருது அத்தை.

மாமியார்: அழாதே. அவன் பாசமே அப்படித்தான், ஆளைப் படுத்தி எடுத்துடும். என்னை மாடிப்படி ஏறக்கூட விட மாட்டேங்கிறான்.

மகன்: ஈரமா இருந்தா ஹேர் டிரையரைக் கொண்டு வரவா?

இருவரும்: வேணாம்!

மாமியார்: சூடு பட்டா வெடிச்சுடும்டா! பேப்பரை உருட்டி உள்ள அடைச்சு, நிழல்ல ஃபேனுக்குக் கீழ வெச்சா தானா காயும்! ...நீ மூக்கைத் தொடை. காஞ்சதும் உள்ள சமையல் சோடாவைத் தூவி ராத்திரி விட்டுடலாம். காலையில தட்டினா நாத்தம் போயிடும்.

மருமகள்: நாத்தம் போயிடும். ஞாயித்துக்கிழமை என்ன பண்றது? முன்னாடி போ, பின்னாடி வரேன்னு சொல்வாரு. மலையில எந்தப் பக்கம் ஏறணும்னே எனக்குத் தெரியாது. அங்கேயே மாட்டிக்குவேன்.

மாமியார்: ...கிட்ட வா. சத்தமா பேசாதே.

மருமகள்: சொல்லுங்க.

மாமியார்: மலையடிவாரத்துல கேட்டைத் தாண்டினதும் பாதை ரெண்டாப் பிரியும். எல்லாரும் வலது பக்கம் போவாங்க. நீ அவனை இடது பக்கம் கூட்டிட்டுப் போ. ஒரே செங்குத்து, பூரா செவப்புச் சரளை. நானே மூணு எடத்துல நின்னுதான் ஏறுவேன், அவன் மொதல் எடத்துலயே உக்காந்துடுவான். அடுத்த வாரம் மலைங்கிற பேச்சையே எடுக்க மாட்டான்.

மருமகள்: அத்தை...!

மாமியார்: கேளு முழுசா. மேல தண்ணித் தொட்டிகிட்ட ஒரு கறுப்பு நாய் பாய்ஞ்சு வரும். அவனை வேணா துரத்தும், உன்னை ஒண்ணும் பண்ணாது. ஷூவை மோந்து பாத்துட்டு, நான்தான் வந்திருக்கேன்னு நெனச்சு விட்டுடும்... அதனால சோடாவை மட்டும் கொஞ்சம் கம்மியா போடும்மா.