அரிட்டப் போத்தல்

“நான் கையெழுத்து வைக்கத்தான் போறன்க்கா—”

“வெச்சா உன்ன வேலையால நிப்பாட்டி—”

“நிப்பாட்டாங்களாம். ஆதம்பாவா ஓவசியரே சொன்னார். மூண்டு மாசம் ஆஸ்பத்திரியில நிண்டு குடிய விட்டா வேலை அப்படியே இருக்குமாம்.”

“நாளைக்கு ஊரே குடிகாரன் எண்டு சொல்லும்டா.”

“இப்ப மட்டும் என்ன, கோயில் ஐயர் எண்டா சொல்லுதுகள்?”

நானும் சிரித்துவிட்டேன். என் தம்பி குஞ்சித்தம்பி அப்படித்தான் பேசுவான். வாவியைக் கடக்கும் அரசாங்கப் பாதையில், சனமும் சைக்கிளும் ஏறும் அந்த மிதவையில், அவனுக்கு வேலை.

இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறீர்கள். சொல்வதில் எனக்கு ஒன்றுமில்லை.

அது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. ஆமி சுற்றி வளைத்தால், அவனுடைய அரசாங்க அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குள் வராமலே போய்விடுவார்கள். கல்யாணமாகாத நான் அந்த அட்டைக்குப் பின்னால்தான் உயிரோடு இருந்தேன். பக்கத்து வீடுகளில் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை.

குடியை விட்டால் மகள் கண்ணகையைக் கட்டித் தருவதாக மண்டூர் வேலப்போடி சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய் இருப்பான். தம்பி போனால் அட்டையும் போகும்.

பாதை வேலைக்குப் பொறுப்பான ஓவசியர் ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் ஒரு கிழமை குடிக்காமல் வந்து காட்ட வேண்டும். தினமும் காலையில் வாயை ஊதச் சொல்லிப் பார்ப்பார். வாயில் குடி வாடை இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் கடிதம் இல்லை.

குடியை விடச் சம்மதம் என்ற கடதாசியில் தம்பி கையெழுத்து வைத்தான். ஒளித்து வைத்திருந்த கசிப்பு, அதுதான் கள்ளச்சாராயம், அந்தப் போத்தலை எடுத்து வந்து, “இத ஊத்திப்போடுக்கா” என்று என்னிடமே தந்தான். குடியை விட்ட கை நடுக்கத்துக்கு நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் அரிட்ட மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். காலையில் வார்த்துக் கொடுப்பது என் வேலை. ஆறு நாள் சுத்தமான அரிட்டம்தான் கொடுத்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏழாம் நாள் பாதி அரிட்டம், பாதி கசிப்பு. கண்ணை மூடி ஒரே மடக்கில் குடித்தான். “இண்டைக்குக் காரமாக் கிடக்கு” என்றான். “போத்தலின்ர அடி, அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

அவன் வேலை போகாது என்று எனக்குத் தெரியும். துவக்குச் சூடு நடக்கும் வாவியில் பாதை தள்ள வேறு யார் வருவார்? அதை முதலே யோசித்துத்தான் செய்தேன். நான் நினைத்தபடியே கடிதம் நின்றது, கல்யாணம் நின்றது, அட்டை வீட்டில் இருந்தது. பிறகு ஆறு வருடம் குடித்துச் செத்தான். அதில் ஒரு சொட்டும் நான் வார்க்கவில்லை. என் கணக்கில் அந்த ஒரு காலை மட்டும்தான்.

அன்று மத்தியானம் அவன் வந்து கிணற்றுக்கட்டில் இருந்தான். உள்ளங்கையில் ஊதி ஊதி மணந்து பார்த்தான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

“நான் குடிக்கல்லக்கா. ஓவசியர் நம்பாட்டிப் போகட்டும். நீ நம்புறதானே?”