எழுந்தாச்சு

நீங்கள் எழுதிக் காட்டிய இந்தத் தாளில் ஒரே ஒரு பிழைதான் இருக்கிறது, மேடம். ‘விளுந்தார்’ என்று இருக்கிறது. ‘விழுந்தார்’ என்று திருத்திவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன். இருபத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். கண் தானாகப் போய் அங்கே நிற்கிறது.

குழு எப்படித் தொடங்கியது என்று கேட்டீர்கள். மனைவி போன பிறகு ஒருமுறை மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். ஏனென்று கேட்க நாதியில்லை. தேறியதும் ஃபேஸ்புக்கில் எழுதினேன்: ‘தனியாக இருப்பவர்கள் வாருங்கள், தினமும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வோம்.’ பத்தொன்பது பேர் வந்தார்கள். வாட்ஸ்அப்பில் குழு, மாதத்தின் முதல் ஞாயிறு நூலக மாடியில் சந்திப்பு. விதி ஒன்றே ஒன்றுதான். காலை எட்டு மணிக்குள் எல்லோரும் ‘எழுந்தாச்சு’ என்று போட வேண்டும். போடாதவர் வீட்டுக் கதவை, பக்கத்தில் இருக்கும் உறுப்பினர் போய்த் தட்ட வேண்டும். அப்படித் தட்டித்தான் டிரைவர் அண்ணன் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்தோம். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நர்ஸ் அக்காவைச் சேர்த்தது நான்தான். ஃபோனில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். ஆனாலும் தினமும் ‘எளுந்தாச்சு’ என்றுதான் போடுவார். கீழேயே திருத்திப் போடுவேன். எல்லோருக்கும்தான் திருத்துவேன், குழு என்றால் ஒரு தரம் வேண்டாமா? சில மாதங்களுக்கு முன் ஒரு சந்திப்பில் அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

“ஏன் தம்பி, நாங்க உயிரோட இருக்கோமான்னு பாக்கத்தானே குரூப்பு? நீங்க என்ன, பரீட்சைப் பேப்பரா திருத்துறீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகுதான் சந்தேகம் வந்தது. நான் மாடிப்படி ஏறினால் பேச்சு நின்றுவிடும். தையல்காரம்மா ஃபோனைக் கவிழ்த்து வைப்பார். குழுவில் ‘எழுந்தாச்சு’ போடுவதோடு சரி, அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அப்படியென்றால் வேறெங்கோ பேசுகிறார்கள். விசாரித்ததில், அக்கா தனிக் குழு தொடங்குகிறாராம். அவரையும் சேர்த்துப் பதினோரு பேராம். மிச்சம் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். முக்காலி மேல் நின்று திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார். “வந்ததே வந்தீங்க, கொஞ்சம் புடிச்சுக்கோங்க” என்றார். பிடித்துக்கொண்டேன். குழுவை உடைக்க வேண்டாம் என்று தன்மையாகத்தான் கேட்டேன். “போறவங்க போகட்டும், விடுங்க தம்பி” என்றார்.

விட்டேன். முக்காலியைச் சொல்கிறேன்.

விழுந்ததில் அவருக்கு இடுப்பு போய்விட்டது, எழ முடியவில்லை. குரலும் சரியாக வரவில்லை. “ஃபோன எடுங்க” என்றார். எடுத்தேன். அதற்குப் பூட்டு எதுவும் வைத்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஒரு நாள் அவர் போடாமல் விட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே கதவைத் தட்டியிருப்பார்கள். நான் போட்ட விதி அவ்வளவு உறுதியானது. அதனால் செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் அவர் ஃபோனிலிருந்து நானே போட்டேன். ‘எழுந்தாச்சு.’ எல்லோரும் பூப்படம் போட்டார்கள். வியாழக்கிழமை தையல்காரம்மா மட்டும், “அக்காவுக்கு எப்பலேருந்து ‘ழ’ வர ஆரம்பிச்சுது?” என்று குழுவில் கேட்டுவிட்டு, நேராகக் கதவைத் தட்டப் போய்விட்டார். ‘ள’ போட வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, மேடம். விரல் வரவில்லை.

புதன் மாலை வரை உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று நாளும் குழுவில் ஒருவர்கூடக் குறையவில்லை. என்னையும் சேர்த்து இருபதுக்கு இருபது.

நேற்றும் இன்றும் என்னால் போட முடியவில்லை. என் ஃபோன் உங்களிடம் இருக்கிறது. இப்போது மணி ஒன்பதரை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். இந்நேரம் யாராவது என்னைத் தேடிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார்கள். கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்.