அடுக்களையில் இருந்த பாட்டு வெப்சைட்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஏறிய பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள். வெளியே துலா மாத இடி, அதாவது ஐப்பசி இடி, உறுமியது.

“உன் பாட்டு வெப்சைட் நம்மாத்து அடுக்களையில, பிரிட்ஜ் மேலன்னா இருக்கு. பழைய கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் போறும். ஒரு கம்பெனிக்கும் வாடகை கொடுக்க வேண்டாம், கேட்டியா?” என்றார் கணவர்.

“துபாய் மாமி இப்போ அதுல என் பாட்டைக் கேக்கப் போறா. பிடிச்சாத்தான் பொண்ணை எங்கிட்ட சேர்ப்பா. வெளிநாட்டுல எனக்கு முதல் சிஷ்யை. ஓடிண்டிருக்கோல்லியோ?”

“நான் வச்சதாக்கும். நிக்குமோ?”

மறுபடி இடித்தது.

“ஏன்னா, கிளம்பறச்சேயும் இடிச்சதே. எப்பவும்போல பிளக்கெல்லாம் பிடுங்கினேளா?”

“பின்னே? டிவி, பிரிட்ஜ்…” என்றவர் நிறுத்திக்கொண்டார்.

“கம்ப்யூட்டரும்தானே?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவளுடைய செல்போன் அடித்தது.

“ஆமாம் மாமி, திறக்காது. இங்கே இடி. ஆத்துக்காரர் கம்ப்யூட்டரை அணைச்சுட்டு வந்துட்டார். அதனாலென்ன, நானே பாடறேன், கேளுங்கோ.”

அவள் கூச்சமில்லாமல் பாடினாள். கண்டக்டர் டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பாடி முடித்து, போனில் சற்று நேரம் கேட்டுவிட்டு வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை தொடங்கலாம்னுட்டா.”

“அப்போ இனி வெப்சைட் வேண்டாமோ?”

“வேணும். இந்த பஸ்ல வராதவாளும் கேக்கணுமோல்லியோ?”

கேட்டது அன்று, எழுத உட்கார்ந்தது இன்று, 2005 டிசம்பர் 4.